நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி: தூக்கி எறியும் முன் யோசியுங்கள்

கார்த்திகை தீபத் திருவிழா வந்தால் திருவண்ணாமலை வணிகர்களுக்கு வண்டியால் வேலை இல்லை. கொடியேற்றத்துக்கு முன்பே அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை எல்லாவற்றையும் இறக்கிக் கடையிலும் கிடங்கிலும் அடுக்கிவிடுகிறோம். பிறகு தேரோட்டம், மகா தீபம் என்று கூட்டம் பெருகிவிட்டால் மாட வீதிப் பக்கம் கைவண்டி நுழையக்கூட இடம் இராது. வெளியூர்ப் பேருந்துகளே ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடும். சரக்கு வண்டியை வேட்டவலம் ரோட்டிலோ அவலூர்பேட்டை ரோட்டிலோ தெரிந்தவர் இடத்தில் நிறுத்திவிட்டுக் கடையைப் பார்க்க வந்துவிடுகிறோம்.

விழா முடிந்து கூட்டம் வடிந்த பிறகுதான் வண்டியின் நினைவு வருகிறது. அலமாரிகள் காலி. சுற்று வட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் சரக்குக் கேட்டுக் காத்திருக்கிறார்கள். ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினால் "டிக் டிக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி டவுன்!

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். ஆனால் அந்த ஒரு காலைப் பொழுதில் நாம் எடுக்கும் அவசர முடிவு, சில நூறு ரூபாயில் முடிய வேண்டியதைச் சில ஆயிரமாக ஆக்கிவிடுகிறது. கவனக்குறைவாக இருந்தால் கண்ணுக்கும் உடம்புக்கும் ஆபத்து. இதை நாம் அடிபட்டே கற்றுக்கொண்டோம்.

நமது கடையில் நடந்தது

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததை நம்மில் யாரும் மறக்க முடியாது. மளிகைக் கடைகளுக்குக் குறிப்பிட்ட நேரம் அனுமதி இருந்தது. ஆனால் பௌர்ணமி கிரிவலத்துக்கு மாதக்கணக்கில் தடை. அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று மகா தீபமே வெளிப் பக்தர்கள் கூட்டம் இல்லாமல்தான் ஏற்றப்பட்டது. பக்தர்கள் வராத ஊரில் விடுதிக்கும் ஓட்டலுக்கும் சரக்குப் போடும் வேலை ஏது? நமது கடையில் இரண்டு மினி வேன்கள். ஒன்று ஓடியது. மற்றொன்று மார்ச் கடைசியில் நிறுத்தியது, ஜூன் பாதி வரை ஷெட்டை விட்டு நகரவில்லை.

எடுக்கப் போன அன்று உயிர் இல்லை. கடைப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து வியர்க்க வியர்க்கத் தள்ளினார்கள். பயனில்லை. பக்கத்தில் சரக்கு இறக்க வந்திருந்த லாரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்யலாம் என்று நாமே யோசனை சொன்னோம். நல்ல வேளையாக அந்த லாரி டிரைவர் விஷயம் தெரிந்தவர். "வேணாம்ணா, இது 24 வோல்ட்டு. உங்க வண்டி 12 வோல்ட்டு. ஒயரிங் எல்லாம் புகைஞ்சி போயிடும்" என்று தடுத்துவிட்டார்.

பிறகு பேட்டரியைக் கழற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிடுச்சு, புதுசு போட்டுக்குங்க" என்றார். சரக்கு அனுப்பும் அவசரத்தில் மறுபேச்சுப் பேசவில்லை. புதிது வாங்கினோம். பழையதைத் தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம்.

பத்து நாள் கழித்து நமது வண்டிகளைப் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தபோது விஷயத்தைச் சொன்னோம். "எப்ப வாங்கின பேட்டரி?" என்று கேட்டார். கல்லாப் பெட்டியின் அடியில் கிடந்த கியாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தால் வாங்கி 20 மாதம்தான் ஆகியிருந்தது! "ரெண்டு ராத்திரி மெதுவா சார்ஜ் போட்டுப் பார்த்திருக்கலாமே" என்றார். அதே தெருவில் நம்மைப் போலவே வண்டியை நிறுத்திவைத்த இன்னொரு வணிகர் அப்படித்தான் செய்திருந்தார். அவருடைய பேட்டரி அதன் பிறகு இரண்டு தீபம் பார்த்தது.

நாம் இழந்தது பேட்டரி விலை மட்டுமல்ல. பொறுமையும் விவரமும் இருந்திருந்தால் இழந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் உறுத்தியது. அதன் பிறகு கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை வணிக நண்பர்களுக்கு இங்கே தருகிறோம்.

பேட்டரிக்குள் என்ன நடக்கிறது?

நமது வண்டிகளில் இருப்பது ஈய–அமில பேட்டரி. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே 1859ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்தது. இத்தனை ஆண்டுகளில் பெட்டியின் உருவம் மாறியிருக்கிறது, உள்ளே இருக்கும் தத்துவம் மாறவில்லை. 12 வோல்ட் பேட்டரியில் 6 அறைகள் உண்டு. இவற்றைத்தான் செல் என்கிறோம். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட் தரும். செல்லுக்குள் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன.

மின்சாரம் செலவாகும்போது அமிலத்தில் உள்ள கந்தகச் சத்து தகடுகளில் ஈய சல்பேட்டாகப் படிகிறது. அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. படிந்தது கரைந்து மீண்டும் அமிலமாகிறது. ஆகவே டவுன் ஆன பேட்டரி என்பது செத்துப்போன பேட்டரி அல்ல. கையிருப்புத் தீர்ந்துபோன பேட்டரி.

சிக்கல் எங்கே என்றால், படிந்ததை உடனே கரைக்காமல் விட்டுவிடுவதில்தான். மளிகைக் கடைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. சர்க்கரையைத் தண்ணீரில் போட்டால் உடனே கரைகிறது. கற்கண்டைப் போட்டால் எவ்வளவு நேரம் ஆகிறது? இரண்டும் ஒரே பொருள்தான், படிகம்தான் வேறு. தகட்டின் மேல் புதிதாகப் படிந்த சல்பேட் சர்க்கரை மாதிரி. வாரக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அது கற்கண்டு மாதிரி இறுகிவிடும். இதைத்தான் தொழில் செய்பவர்கள் "சல்பேஷன்" என்கிறார்கள். ஓரளவு இறுகியதை மெதுவாகச் சார்ஜ் போட்டுக் கரைக்கலாம். முற்றிலும் இறுகியதை யாராலும் கரைக்க முடியாது. ஆக, பேட்டரியை மீட்பது காலத்தோடு செய்ய வேண்டிய காரியம்.

எத்தனை நாள் தாங்கும்?

நிறுத்திய வண்டி ஒன்றும் செலவு செய்யாது என்று நினைக்கிறோம். அது தவறு. சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், திருட்டு அலாரம், வண்டி இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி, இன்ஜின் கம்ப்யூட்டர் ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. பூட்டிய கடையில் எலி அரிசி தின்பது போலத்தான்.

கணக்குப் பார்ப்போம். 35 ஆம்பியர் பேட்டரி என்றால், 1 ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் அளவுக்குக் கையிருப்பு என்று கொள்ளலாம். வண்டியில் மொத்தம் 50 மில்லி ஆம்பியர் கசிகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்–மணி செலவு. 15 நாளில் பாதி காலி. ஒரு மாதத்தில் முழுவதும் காலி. மூன்று, நான்கு வருடம் ஓடிய பழைய பேட்டரியில் உண்மையான கொள்ளளவு 20 என்று குறைந்திருந்தால், எட்டே நாளில் பாதி போய்விடும். தீபத்தின் பத்து நாளில் சில வண்டிகள் மட்டும் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். உள்விளக்கை அணைக்காமல் போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம். 5 வாட் பல்பு ஒரு நாளைக்குச் சுமார் 10 ஆம்பியர்–மணி குடிக்கும். நான்காம் நாள் ஒன்றும் மிஞ்சாது.

இத்துடன் பேட்டரி தானாகவே இழப்பதும் உண்டு. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இந்தத் தன்னிழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. பாறையும் வெயிலும் சூழ்ந்த நமது ஊரில், அக்னி நட்சத்திரக் காலத்தில் தகர ஷெட்டுக்குள் நிற்கும் வண்டிக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

முதலில் சோதனை, பிறகு முடிவு

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் போகாது. கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் போகாது. பூத்திருப்பதைச் சுத்தம் செய்ய நமது கடையிலேயே மருந்து இருக்கிறது. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பொங்கிக் கழன்றுவிடும். சோடா நீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து, கிளாம்பை இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டுப் பொறி பறப்பதைத் தடுக்கவே இந்த முறை.

அடுத்தது அளவு பார்ப்பது. ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். வண்டி ஓடாமல் சில மணி நேரம் ஓய்ந்திருக்கும் நிலையில் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: ஏறக்குறைய முழுச் சார்ஜ். கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

12.4 வோல்ட்: சுமார் முக்கால் பங்கு.

12.2 வோல்ட்: சுமார் பாதி. உடனே சார்ஜ் போட வேண்டும்.

12.0 வோல்ட்: கால் பங்குதான் மிச்சம்.

11.8 வோல்ட்டுக்குக் கீழ்: காலி என்றே கொள்ளலாம்.

மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நல்ல சாட்சி. முழுச் சார்ஜில் அமிலம் 1240 முதல் 1280 வரை காட்டும். 1150க்குக் கீழே போனால் காலி. ஆறு செல்லிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆறும் ஒரே மாதிரி இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி. வெறும் கையிருப்புக் குறைவுதான். ஐந்து ஒரு மாதிரியும் ஒன்று மட்டும் மிகக் கீழேயும் இருந்தால் அந்த ஒரு செல் பழுது.

மூடி இல்லாத "மெயின்டனன்ஸ் ஃப்ரீ" வகைகளில் மேலே ஒரு சிறு வட்டக் கண் இருக்கும். பச்சை என்றால் சரி, கறுப்பு என்றால் சார்ஜ் வேண்டும், வெளிறியிருந்தால் மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் உள்ள குறிப்பு. ஆனால் அந்தக் கண் ஆறில் ஒரு செல்லை மட்டுமே பார்க்கிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சார்ஜ் போடும் முறை

மீட்பதற்கு ஒரே வழி, குறைந்த ஆம்பியரில் நீண்ட நேரம் சார்ஜ் போடுவது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொது விதி. 35 ஆம்பியர் பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியர். முழுவதும் இறங்கியதற்குச் சுமார் 12 மணி நேரம் ஆகும். வாரக்கணக்கில் காலியாகக் கிடந்ததற்கு அதிலும் பாதி, அதாவது 2 ஆம்பியருக்குள் வைத்து ஒரு பகலும் ஓர் இரவும் விட வேண்டும். "ஒரு மணி நேரத்தில் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் இந்த வகைப் பேட்டரிக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். இறுகிய தகடு அவ்வளவு வேகமாக ஏற்காது. ஏற்ற முயன்றால் சூடு ஏறித் தகடு வளைந்துவிடும்.

சில புதிய எலக்ட்ரானிக் சார்ஜர்கள், வோல்ட் மிகவும் இறங்கிய பேட்டரியைக் கண்டால் "பேட்டரியே இல்லை" என்று நினைத்து வேலை செய்ய மறுக்கும். அதை வைத்துப் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கையால் அளவு வைக்கும் பழைய வகை சார்ஜர் இருக்கும். அவரிடம் விட்டுவிடுவது நல்லது.

சார்ஜ் போடும் முன் செல்களில் தகடு வெளியே தெரிந்தால், தகடு மூடும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு குறித்த அளவுக்கு விடலாம். முன்பே நிறைய விட்டால் பொங்கி வழியும். நமது ஊர் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். வீட்டில் சுத்திகரித்த குடிநீரும் இதற்கு ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. "கொஞ்சம் ஆசிட் ஊற்றினால் நன்றாக இழுக்கும்" என்பார்கள். அமிலம் குறையவில்லை, தகட்டில் ஒட்டியிருக்கிறது. சார்ஜ் ஏறினால் அதுவே திரும்பி வரும். மேலும் ஊற்றினால் தகடு அரித்துப்போகும். மாத்திரை, உப்பு, படிகாரம் போடும் கைவைத்தியங்களையும் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் எழுந்து உட்காருவது போல் தோன்றும், பிறகு படுத்தேவிடும்.

சார்ஜ் முடிந்ததா என்று எப்படி அறிவது? மணிக்கு ஒரு முறை பார்க்கும்போது, தொடர்ந்து மூன்று முறை ஹைட்ரோமீட்டர் ஒரே அளவைக் காட்டினால் முடிந்தது. பிறகு ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மறுநாள் காலையில் வோல்ட் பார்க்க வேண்டும். இந்த ஓர் இரவுச் சோதனை மிக முக்கியம். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் எந்தப் பேட்டரியும் நல்ல அளவு காட்டும். காலையில் என்ன காட்டுகிறது என்பதே உண்மை.

எச்சரிக்கை

சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது. ஒரு தீப்பொறி போதும், வெடித்து அமிலம் முகத்தில் தெறிக்கும். பீடி, சிகரெட் கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் வண்டிக்குக் கற்பூரம் காட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. சார்ஜில் இருக்கும் பேட்டரியின் பக்கத்தில் அன்று மட்டும் வேண்டாம். சார்ஜர் ஒயரை மாட்டுவதும் கழற்றுவதும் சுவிட்சை அணைத்த பிறகே.

இன்னொன்று, மளிகை வணிகர்களுக்கே உரியது. இடம் இருக்கிறதே என்று சரக்குக் கிடங்குக்குள் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் வாயு சேரும். அமில ஆவி பட்டால் சாக்கு பொடியும், உணவுப் பொருளும் கெடும். திறந்த வராந்தா போதும். கண்ணில் அமிலம் பட்டால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

அவசரத்துக்கு அடுத்த வண்டியிலிருந்து

சரக்கு உடனே போயாக வேண்டும் என்றால், இன்னொரு 12 வோல்ட் வண்டியிலிருந்து தடித்த ஒயர் மூலம் ஸ்டார்ட் செய்யலாம். லாரி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட். அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

முறை இது: சிவப்பு ஒயரை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸில் மாட்டி, மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில் மாட்ட வேண்டும். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையைப் படுத்த வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்ட வேண்டும். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி வரும் என்பதால் அது பேட்டரிக்கு அருகில் இருக்கக் கூடாது. நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு படுத்த வண்டியை ஸ்டார்ட் செய்யலாம். கழற்றும்போது மாட்டியதற்குத் தலைகீழ் வரிசை.

தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய வண்டிகளோடு போயிற்று. இப்போதைய வண்டிகளில் எரிபொருள் பம்பும் கம்ப்யூட்டரும் வேலை செய்யவே பேட்டரி மின்சாரம் வேண்டும். முழுவதும் இறங்கிவிட்டால் எத்தனை பேர் தள்ளினாலும் பலன் இல்லை. நமது பையன்கள் அன்று வீணாக வியர்த்தது இதனால்தான்.

வண்டி ஓடத் தொடங்கியதும் காரியம் முடிந்தது என்று எண்ணக் கூடாது. வண்டியில் உள்ள ஆல்டர்னேட்டர், அன்றாடம் செலவாவதை ஈடுகட்டத்தான் இருக்கிறது. காலியான பேட்டரியை நிரப்ப அல்ல. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் ஒரு சுற்று வந்தால் அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஆழமாக இறங்கிய பேட்டரிக்கு அது போதாது. சின்னக்கடைத் தெருவிலிருந்து தேரடித் தெருவுக்கு நின்று நின்று போவதில் ஒன்றுமே ஏறாது. அன்று மாலையே பேட்டரியைக் கழற்றி முறையாகச் சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

எப்போது கைவிடலாம்?

மீட்க முடியாததை மீட்கிறேன் என்று செலவு செய்வதும் நஷ்டமே. இரவு முழுவதும் சார்ஜ் போட்டும் மறுநாள் காலையில் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது என்று பொருள். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அது பலமற்றது, நடுவழியில் கைவிடும். பெட்டி உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ, சார்ஜின்போது ஒரு செல் மட்டும் கொதித்தாலோ மேற்கொண்டு முயல வேண்டாம். நான்கு வருடம் உழைத்த பேட்டரி படுத்தால் அது தன் கடனைத் தீர்த்துவிட்டது.

ஆனால் இரண்டு வருடத்துக்கு உட்பட்டது என்றால், இரண்டு இரவு சார்ஜுக்கு விடாமல் புதிது வாங்காதீர்கள். கியாரண்டி கார்டை எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போங்கள். அங்கே முதலில் சார்ஜ் போட்டுச் சோதிப்பதுதான் முறை. வெறுமனே டவுன் ஆனதைப் பழுதாக ஏற்க மாட்டார்கள். உள்ளே உண்மையான பழுது இருந்தால் மாற்றித் தரவோ, விலையில் கழித்துக்கொள்ளவோ வழி இருக்கும். புதிது வாங்கினாலும் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரியும் நிறுத்திவைத்த வண்டியின் பேட்டரி போலத்தான். பிஸ்கட் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பழைய பேட்டரி எங்கே போகிறது?

அன்று நாம் செய்த இன்னொரு தவறு, பழையதைத் தெருவில் வந்தவரிடம் எடைக்குப் போட்டது. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதற்கு நல்ல விலை உண்டு. எடைக்கு வாங்குபவரிடமிருந்து அது எங்காவது ஒரு கொல்லைக்குப் போய், உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, திறந்த அடுப்பில் ஈயம் உருக்கப்பட்டால், அந்தப் புகையும் தூசும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் சேரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது சுமார் 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய பேட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்குவதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது குறிப்பிட்டது.

நமது நாட்டில் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கு 2001ஆம் ஆண்டிலேயே விதிகள் வந்தன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2022ஆம் ஆண்டு விதிகள். பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், முறைப்படி சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பது பயன்படுத்துபவரின் கடமை. புதிது வாங்கும்போது அதே கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதே நமக்கும் லாபம், ஊருக்கும் நல்லது. கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

வருமுன் காப்போம்

பேட்டரி ஆராய்ச்சிக்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். ஒரு வணிகரின் கொடையில் வளர்ந்த அறிவுத் துறை இது. அதன் அரிச்சுவடியாவது வணிகர்களாகிய நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் மைனஸ் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள். கசிவு நின்றுவிடும். கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஜி.பி.எஸ்., அலாரம் வேலை செய்யாது என்பதால் வண்டி பாதுகாப்பான இடத்தில் நிற்கட்டும். கழற்ற முடியாவிட்டால் வாரம் ஒரு முறை வெளியூர் ரோட்டில் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பதால், ஸ்டார்ட் செய்யச் செலவானதுதான் ஈடாகும். பல நாள் கசிந்தது திரும்பாது. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் முழுச் சார்ஜோடு கழற்றி நிழலில் வைத்து, மாதம் ஒரு முறை சார்ஜ் போட வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு நாட்களைக் குறித்துக்கொள்ளும்படி வணிக நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, மே 5 வணிகர் தினம். அன்று கடைக்கு விடுமுறை, அக்னி வெயிலும் தொடங்கியிருக்கும். மற்றொன்று, தீபக் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள். இந்த இரண்டு நாட்களிலும் டெர்மினலைத் துடைத்து, தண்ணீர் அளவு பார்த்து, வோல்ட் பார்த்து, கியாரண்டி கார்டின் பின்பக்கம் தேதியோடு எழுதிவைத்தால் போதும். கால் மணி நேர வேலை. எழுதி வந்த அளவு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், பேட்டரி நம்மிடம் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது நிதானமாக விசாரித்து, நல்ல கடையில், நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நமது கடையில் இப்போது அந்தக் கார்டு கல்லாப் பெட்டியின் அடியில் இல்லை. கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.